மலை வலக்கைப் பக்கம்

மலேசியாவின் கெடாவில் ஜெராய் மலையைச் சுற்றி வர முழுச் சாலை இருக்கிறது. ஆனால் அதை யாரும் கிரிவலப் பாதை என்று சொல்வதில்லை. பீடோங்கில் புறப்பட்டு மேற்கே செமிலிங், மெர்போக். அங்கிருந்து வடக்கே திரும்பி சிங்கிர், யான். பிறகு கிழக்கே குவார் செம்படாக். தெற்கே இறங்கி குரூண், மறுபடி பீடோங். இந்த வரிசையில் போனால் மலை எப்போதும் வலக்கைப் பக்கமே நிற்கும். சைக்கிளில் விடியலில் கிளம்புகிறவர் வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிடலாம், தொடையில் பலமும் வழியில் எங்கும் நிற்காத மனசும் இருந்தால். எனக்கு இரண்டும் குறைவு. பொழுது சாய்ந்துதான் திரும்புவேன்.

இந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர்களில் பெரும்பாலானவர்கள் மலையைச் சுற்றுவதில்லை, ஏறுகிறார்கள். குரூணிலிருந்து உச்சிக்குப் போகும் தார்ச்சாலை அவர்களுக்குப் பரீட்சை. வளைவுக்கு வளைவு செங்குத்து கூடும். கையிலே கட்டிய கருவி இதயத் துடிப்பைச் சொல்லிக்கொண்டே வரும். மேலே போனதும் படம், கீழே வந்ததும் நேரக் கணக்கு. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏறியவர்களுக்குத்தான் தெரியும் அந்த வேதனை. ஆனால் உச்சியில் நின்றால் தெரிவது வயலும் கடலும் மேகமும்தான். கதையெல்லாம் அடிவாரத்தில் கிடக்கிறது.

கடலிலிருந்து பார்க்கிறவனுக்கு ஜெராய் தனி மலை. சுற்றிலும் தாழ்ந்த வயல், சேற்றுக் கழிமுகம். நடுவில் 1,217 மீட்டர் உயரத்துக்கு அது மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. வங்காள விரிகுடாவைக் கடந்து வந்த மரக்கலத்துக்குக் கரை தெரியுமுன்பே இந்த முகடு தெரிந்துவிடும். அன்றைக்கு மெர்போக் ஆற்றின் வாய் இன்றிருப்பதைவிட அகலமாக, ஒரு சிறு குடாவாகவே உள்ளே புகுந்திருந்தது. இப்போது செம்பனை நிற்கிற இடங்களில் கலம் கட்டியிருக்கிறார்கள். தென்மேற்குக் காற்றில் வந்தவர்கள் வாடை திரும்பும் வரை ஊர் திரும்ப முடியாது. காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவனுக்குச் சந்தை வேண்டும், தண்ணீர் வேண்டும், கும்பிட ஓர் இடமும் வேண்டும்.

அப்படிக் காத்திருந்தவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த யாத்ரீகர் ஒருவர் உண்டு. நம் பாடப்புத்தகங்கள் இத்சிங் என்று சொல்லும் சீனத் துறவி. 671இல் குவாங்சோவில் கப்பலேறி, ஸ்ரீவிஜயத்தில் சமஸ்கிருத இலக்கணம் படித்து, மலாயுவில் தங்கி, கெடாவுக்கு வந்தார். ஆண்டின் கடைசி மாதத்தில் காற்று வாய்த்ததும் அரசனின் கப்பலில் மேற்கே புறப்பட்டு, நிக்கோபார் வழியாகத் தாமிரலிப்தியில் இறங்கியபோது 673 ஆகிவிட்டது. பிறகு நாளந்தா. ஊர் திரும்புகையிலும் கெடாவைத் தொட்டுத்தான் போனார். தம் காலத்தில் இதேபோல் தர்மம் தேடிக் கிளம்பிய ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவியரின் வரலாற்றை எழுதி வைத்தார். பலர் வழியிலேயே நோயிலும் கடலிலும் போய்விட்டவர்கள். அந்தப் புத்தகத்தில் என்னைத் தொடுவது போய்ச் சேர்ந்தவர்களுக்கும் சேராதவர்களுக்கும் ஒரே மரியாதை கொடுத்திருப்பது. இந்தச் சாலையை யாத்திரைப் பாதை என்று நான் அழைப்பது அந்தத் தைரியத்தில்தான்.

செமிலிங் பக்கம் ஏஇஎம்எஸ்டி பல்கலைக்கழகம், அப்புறம் செம்பனை, அப்புறம் மறுபடி செம்பனை. வெட்டிய ஓலையின் வாடையும் லாரி கிளப்பும் புழுதியும் சேர்ந்து வரும். சாலை பார்வைக்குத் தட்டை. மிதிக்கிறவனுக்கு அப்படி இல்லை. நீண்ட மேடுகள், மோட்டோரில் போகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். இந்தத் தோட்டத்துக்குள்தான் சுங்கை பத்து. 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் தோண்டிய இடம். இரும்பு உருக்கிய உலைகள், சூளைக்குக் காற்று ஊதிய மண்குழாய்கள், கழிவுக் கட்டிகள், ஆற்றோரத்தில் செங்கல்லில் கட்டிய துறை. காலம் பற்றிக் கருத்து மோதல் உண்டு. கிறிஸ்துவுக்கு முன் பல நூற்றாண்டு என்கிறார்கள் ஒரு சாரார். அவ்வளவு பின்னோக்கிப் போக மாட்டோம் என்கிறார்கள் மற்றவர்கள். அந்தச் சண்டை தீரும்போது தீரட்டும். கூரைக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கும் மண்குழாய்களைக் குனிந்து பாருங்கள். கையால் உருட்டிய களிமண். ஒரு முனை வெந்து, கண்ணாடிபோல் உருகி, கருத்துப் போயிருக்கிறது. நெருப்புக்குள் இருந்த முனை அது. மறுமுனையில் துருத்தி, துருத்திக்குப் பின்னால் ஓர் ஆள். அவன் யார், என்ன மொழி பேசினான், கூலி எவ்வளவு என்று எந்தப் பட்டயமும் சொல்லப்போவதில்லை.

அந்தப் பக்கத்தில் சாலையோரம் ஒரு முனீஸ்வரர். தகரக் கூரை, சூலம், எலுமிச்சம்பழம், சுருட்டு. தோட்டம் கைமாறி லயம் காலியான பிறகும் சாமி மட்டும் நகரவில்லை. கும்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கையில், கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்.

“எங்க தம்பி, மலைக்கா?”

“மலையச் சுத்தி, ஐயா.”

“சுத்தியா? மேல ஏறுறவனத்தான் பாத்திருக்கேன். பசியாறிட்டீங்களா?”

அவர் கித்தா மரம் சீவியவர், பிற்பாடு செம்பனைக் குலை வெட்டியவர். பூமிக்கு அடியில் பழைய கட்டடம் இருக்கிறது என்று அப்போதே தெரியுமா என்று கேட்டேன். “கல்லு கெடக்கும்னு தெரியும். களை வெட்டுறப்ப கத்தியில ‘டங்’குன்னு படும். முனை போயிடும். மண்டோர் ஏசுவாரு, அல்லூர் தோண்டச் சொன்னா கத்தியக் கெடுத்துட்டு வந்து நிக்கிறியான்னு. சாமி கல்லுன்னு யாரு கண்டா?”

மெர்போக்கில் இடப்பக்கம் போனால் தஞ்சோங் டாவாய், மீன் வாங்கலாம். மலைப்பக்கம் திரும்பினால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம். கடைசிக் கொஞ்ச தூரம் உண்மையான ஏற்றம். சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. இங்கே இருக்கும் சண்டிகளில், அதாவது பழங்கோயில்களில், பெரிது புக்கிட் பத்து பஹாட். குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயர் 1936-37இல் தம் மனைவி டோரதியுடன் இந்தப் பள்ளத்தாக்கெல்லாம் அலைந்து முப்பது இடங்களுக்கு வரிசை எண் போட்டபோது இதற்குக் கிடைத்தது எட்டு. 1959-60இல் அலெஸ்டர் லேம்ப் சிதறிய கருங்கற்களைச் சேர்த்து மறுபடி நிறுத்தினார். அடியில் கற்பேழைகள் கிடைத்தன, பொன்னும் மணியும் வைத்து மூடியவை. மற்ற இடங்களில் கிடைத்த அடித்தளங்களையும் பெயர்த்துக் கொண்டுவந்து வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். பெண்டியாட், எண் பதினாறு. பெண்டாங் டாலாம், எண் ஐம்பது.

ஜப்பானின் ஷிக்கோக்குத் தீவிலும் கோயில்களுக்கு எண்தான். ஒன்றிலிருந்து எண்பத்தெட்டு வரை. ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் சுற்று. வெள்ளை உடுத்தி நடப்பவரும் உண்டு, சைக்கிளில் சுற்றுபவரும் உண்டு. அங்கே எண்களைக் கோத்தது யாத்ரீகர்களின் கால். இங்கே அளவுநாடா. எட்டாம் எண்ணுக்குள் எந்தச் சாமி இருந்தது என்று அறிஞர்கள் ஊகிக்கிறார்கள், சிவன் என்பது பெரும்பான்மை. கும்பிட்டவர்கள் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்பது போய்விட்டது.

இந்தக் கோயில்களை நேரில் பார்க்க வருகிற தமிழ்நாட்டு விருந்தாளிகள் முகத்தில் முதலில் ஏமாற்றம் தெரியும். கோபுரம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலைக் கண்ணில் வைத்துக்கொண்டு வருபவருக்கு இது இடுப்புயர மேடை. தூண் நின்ற இடத்தில் தாங்குகல் மட்டும் இருக்கிறது. அதன் நடுக்குழியில் மழைத் தண்ணீர், தண்ணீரில் ஓர் இலை. தூணும் கூரையும் மரம், அவை மண்ணோடு போயின. கரையில் இறங்கிய வணிகர்களும் அவர்களோடு கலந்த ஊர்க்காரர்களும், கிடைத்த செம்பாறையையும் செங்கல்லையும் ஆற்றுக் கல்லையும் வைத்துத் தங்கள் அளவுக்குக் கட்டிக்கொண்டவை இவை. அந்தச் சிறிய அளவுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் எங்கள் மேடைகளில் கடாரம் என்று, அதாவது பழைய கெடா என்று, பேச்செடுத்தால் வருவது இந்த மேடைகள் அல்ல. இராசேந்திரனின் யானைப் படை. 1025இல் அவன் அனுப்பிய கடற்படை வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைக் கல்வெட்டில் நீண்டு, கடாரத்தில் முடிகிறது. ஆயிரமாவது ஆண்டு என்று 2025 ஆடித் திருவாதிரையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இந்தியப் பிரதமரே வந்து விழா நடந்தது. இங்கேயும் பேச்சுகள் நடந்தன, கைதட்டினோம். நானும்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: வென்றவர்கள் பக்கமே நம்மை நிறுத்திக்கொள்ள நமக்கு யார் உரிமை கொடுத்தது? இந்தச் சாலையில் எத்தனை தடவை சுற்றினாலும் அவன் வெற்றியைப் பொறித்த கல் ஒன்றும் கண்ணில் படாது, அப்படி ஒன்று இங்கே கிடைக்கவில்லை. கிடைப்பது உலைக்கழிவு, தூண்குழி, பானையோடு, மணி. பட்டையடி வாங்கிய துறைமுகம் இது. எங்கள் பாட்டன்மார் வந்து இறங்கியதும் அடித்தவனின் கப்பலில் அல்ல.

அடிக்கு முந்திய கதை ஒன்றும் உண்டு, அதை மேடையில் அதிகம் கேட்க முடியாது. இராசராசன் காலத்தில் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுத்தான், சூடாமணி விகாரம். அதற்கு ஆனைமங்கலம் ஊரின் வருவாயைச் சோழன் எழுதிக் கொடுத்த பட்டயம் பிற்பாடு லைடனுக்குப் போய்ச் சேர்ந்தது. படையெடுப்பு நடந்து அறுபது எழுபது வருஷம் கழித்துக் குலோத்துங்கன் அந்தக் கொடையைப் புதுப்பித்தும் தந்தான். அக்கரையிலிருந்து வந்த யாத்ரீகருக்கு நாகையில் தங்க ஓர் இடம், இக்கரைக்கு வந்தவருக்கு மெர்போக்கில் ஓர் இடம். நடுவில் ஒரு சண்டை. முன்னும் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் கொடுக்கல் வாங்கல்.

இரண்டு இடமும் போன விதத்திலும் ஒற்றுமை உண்டு. நாகப்பட்டினத்து விகாரத்தில் எஞ்சி நின்ற கோபுரத்தை 1867இல் அரசாங்க அனுமதியோடு இடித்தார்கள், யேசு சபையார் கல்லூரிக் கட்டடத்துக்காக. சுங்கை பத்துத் தோட்ட நிலத்தில் இருந்த பதினோராம் எண் சண்டியை ஒரு வீடமைப்பு நிறுவனம் புல்டோசர் விட்டுத் தரைமட்டமாக்கியது 2013இல் வெளியே வந்தது. இந்தப் பள்ளத்தாக்குக்காகவே வாழ்ந்த டத்தோ வீ. நடராஜன் போன்றவர்கள் சத்தம் போட்டதால்தான் நாடே கவனித்தது. அந்த டிசம்பரில் நாங்கள் எல்லாரும் கொதித்தோம், நியாயமான கொதிப்புதான். அதே வருஷங்களில் தோட்டம் விற்கப்பட்டு, மாரியம்மன்களும் முனியாண்டிகளும் புதிய தாமானின் சாக்கடை ஓரத்துக்குப் பெயர்க்கப்பட்டதற்கு இவ்வளவு சத்தம் எழவில்லை. அவற்றுக்கு எண்கூட இல்லை.

மெர்போக்கிலிருந்து சிங்கிர் வரை மேடும் பள்ளமுமான சாலை. வலப்பக்கம் காடு இறங்கி வந்து தோளைத் தொடுகிற மாதிரி இருக்கும். இடப்பக்கம் கம்போங், ரம்புத்தான் மரம், ஈரச் சட்டைகள். இங்கே மூச்சு வாங்கும்போதுதான் சைக்கிளைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும். பத்தாயிரம் வெள்ளி கார்பன் வண்டியில் ஞாயிறுதோறும் போகிறவர்களின் தாத்தாக்கள் ஓட்டியது இரும்பு வண்டி. பெரட்டுக்கு நாலரை மணிக்குக் கிளம்பி, நெற்றி விளக்கோடு நிரைக்குப் போய், பால் சேர்ந்ததும் காண்டா வாளியை வண்டியின் இரண்டு பக்கமும் மாட்டி ஸ்டோருக்குத் தள்ளுவார்கள். செம்மண் ஏற்றத்தில் பால் தளும்பாமல் தள்ள ஒரு பழக்கம் வேண்டும். தளும்பினால் நிறுவையில் போய்விடும். கிராணி குறித்ததுதான் கணக்கு.

அவர்கள் வந்த கப்பலும் பெரும்பாலும் நாகப்பட்டினத்தைத் தொட்டு வந்ததுதான். ‘ரஜூலா’ 1926இல் ஓடத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. கடாரத்து அரசன் விகாரம் கட்டிய துறையில் ஏறி, கடாரத்தின் எதிர்த்தீவில் இறங்கினார்கள். கங்காணி சொன்ன கதையை நம்பி ஏறியவனுக்கு இராசேந்திரனைத் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தாலும் கப்பலின் கீழ்த்தட்டில் அது எதற்கும் உதவியிருக்காது.

யான் பக்கம் வந்தால் சட்டென்று வானம் திறந்துவிடும். வயல். நாட்டின் நெற்களஞ்சியம் என்று சொல்வது மிகை இல்லை. கம்போங் அச்சே என்று ஒரு கிராமம் இருக்கிறது, டச்சுக்காரரோடு நடந்த போரில் ஊர் விட்டு வந்த அச்சே மக்கள் அமைத்தது. மக்காவுக்குப் போன பழைய ஹஜ் பயணிகளும் பினாங்கில்தான் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். காத்திருப்பதற்கென்றே அமைந்த கரை இது. கொஞ்சம் தள்ளி புக்கிட் சோராஸ் என்ற சிறு குன்று. அண்மைக் காலத்தில் தோண்டியபோது பௌத்தக் கட்டடமும் சுதையில் செய்த ஆளுயரச் சிலைகளும் வெளிப்பட்டன. பள்ளத்தாக்கு தெற்கே மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு மலையின் வடக்கும் பேச ஆரம்பித்தது. மலை எப்போதும் சாந்தமாய் இருப்பதும் இல்லை. 2021 ஆகஸ்ட் 18ஆம் தேதி மாலை பெய்த மழையில் ஜெராயின் ஓடைகள் மரமும் பாறையுமாக இறங்கி யானிலும் குரூணிலும் வீடுகளை அடித்துப் போயின, உயிர்களும் போயின. ஓடைப் பாலங்களில் சைக்கிளை மெதுவாக்கும்போது இப்போதும் பாறைகளின் அளவைப் பார்ப்பேன்.

குவார் செம்படாக்கிலிருந்து குரூண் வரை பெரிய சடக்கு, லாரிகளின் ராஜ்யம். இந்தச் சடக்கில் சைக்கிளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1941 டிசம்பரில் ஜித்ராவை முறியடித்த ஜப்பானியர் இதே வழியில் சைக்கிள் மிதித்து இறங்கினார்கள். 14, 15 தேதிகளில் குரூணில் சண்டை; ஆங்கிலப் படை மூடா ஆற்றுக்குத் தெற்கே ஓடியது. 1943இல் அதே ஆட்சி தோட்டத்து ஆட்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனது. 415 கிலோமீட்டர் தண்டவாளம். எங்கள் சுங்கை பட்டாணி எழுத்தாளர் கோ. புண்ணியவான் ‘கையறு’ நாவலில் அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டார். இத்சிங் மாதிரி யாராவது போனவர் பெயரையும் திரும்பாதவர் பெயரையும் ஒரே நோட்டில் எழுதி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கூலிக் கணக்கு எழுதியவர்கள் இருந்தார்கள், ஆள் கணக்கு எழுதியவர்கள் இல்லை.

பீடோங்கை நெருங்குகையில் ஹார்வர்ட் தோட்டம். அந்தப் பெயரில் இன்று கோல்ப் மைதானம் இருக்கிறது. 1946-47இல் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது இங்கிருந்துதான். இந்திய தேசிய ராணுவத்தில் கற்ற அணிவகுப்போடு, லயம் லயமாகக் கள்ளுக்கடைகளை எதிர்த்தார்கள். கள்ளுக்குப் போகும் கூலியைக் காப்பாற்றுவதில் தொடங்கியது, துரையின் முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்பது வரைக்கும் போனது. 1947இல் போலீஸ் பாய்ந்தது. அடி, கைது, சிறை. பிற்பாடு தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கிய காலத்தில் அரசியல் தலைவர் சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு சேர்த்து வாங்கிய முதல் தோட்டமும் இதே கெடாவில்தான், புக்கிட் சிடிம். கடாரம் வென்ற கதையாக இவற்றை யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன்.

பீடோங் கடையில் தே குடித்துக்கொண்டிருந்தபோது நாலைந்து இளைஞர்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். சட்டையின் மார்பில் பாயும் புலி, முதுகில் ‘கடாரம்’. நேரத்தைப் பற்றித் தங்களுக்குள் சண்டை. ஒருவன் என் பழைய வண்டியைப் பார்த்து, “அங்கிள், இதுலயா மேல ஏறினீங்க?” என்றான். சுற்றிக்கொண்டு வந்தேன் என்றேன். ஹார்வர்ட் பக்கம் நின்றதைச் சொன்னதும் அவன் முகம் மாறியது. அவன் தாத்தா அந்தத் தோட்டமாம். எந்த டிவிசன் என்றேன். தெரியவில்லை. உடனே போனை எடுத்து அத்தையைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டான். இரண்டாம் டிவிசன் என்றார் அத்தை. ஸ்டோரைத் தாண்டி, பால்வாடிக்கு எதிர்ச் சந்து, நாலாவது வீடு. ஸ்டோர் இப்போது இருக்கா என்று பையன் கேட்டான். “அது எங்கேர்ந்துடா இருக்கும்? நீ வா, வந்து என்னக் கூட்டிட்டுப் போ, காட்டுறேன். சைக்கிள்ல வேணாம், எனக்கு முட்டி வலி.”

மற்றவர்கள் அதற்குள் அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்ற பேச்சில் இறங்கிவிட்டார்கள். கார் யாருடையது என்பது மட்டும் முடிவாகவில்லை.